கடல்நீர் பம்ப் ஷாப்ட்: மொனெல் 400 போதுமா, கே-500 வேண்டுமா? கடையில் தரும் கம்பியைச் சரிபார்ப்பது எப்படி?

முகத்துவாரம்_பிளான்ட் கேட்டது:

வணக்கம். கொழும்பு முகத்துவாரம் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலை. அமோனியா கண்டென்சருக்குக் கடல்நீர் தள்ளும் பம்ப் பற்றித்தான் கேள்வி.

15 கிலோவாட் மோட்டர், 1450 சுற்று, மணிக்கு ஏறக்குறைய 60 கனமீட்டர் தண்ணீர். கேசிங் வார்ப்பிரும்பு, இம்பெல்லர் கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை), ஷாப்ட் 316 ஸ்டெயின்லெஸ். பக்கிங் (ஷாப்ட்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் கயிறு) உட்காரும் இடத்தில் ஷாப்ட் 40 மி.மீ. விட்டம். ஸ்லீவ் (ஷாப்ட்டின் மேல் மாட்டும் உறை) கிடையாது, பக்கிங் நேரே ஷாப்ட்டில் உரசுகிறது. பக்கிங் கறுப்பு கிராபைட் கயிறு.

ஷாப்ட் முழுக்கப் பளபளவென்று இருக்கிறது. பக்கிங் வளையங்களுக்குக் கீழே மட்டும் ஊசியால் குத்தினதுபோல் குழிகள், சிலது 2 மி.மீ. ஆழம். கிழமையில் இரண்டு மூன்று நாள் பம்ப் நிற்கும். அப்போது கடல்நீர் உள்ளேயே கிடக்கும்.

லேத் பட்டறையில் சொல்வது, மொனெல் (நிக்கல்-செம்புக் கலவை) ராட்டால் குழியை நிரப்பிக் கடைந்து தரலாம் என்று. பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் 45 மி.மீ. விட்டத்தில் 600 மி.மீ. துண்டு ஒன்றை மொனெல் என்று தருகிறார்கள். சான்றிதழ் இல்லை.

நிரப்புவதா, புதிதாகச் செய்வதா? புதிதென்றால் சாதாரண மொனெலான 400-ஆ, அதைக் கடினமாக்கிய வகையான கே-500-ஆ? அந்தத் துண்டு உண்மையில் என்னவென்று கையில் உள்ளதை வைத்துப் பார்க்க முடியுமா? இன்னொன்று: கண்டென்சர் குழாய்களும் தேய்ந்துவிட்டன, அவற்றை 90/10 குப்ரோநிக்கலுக்கு (செம்பு 90, நிக்கல் 10 அளவிலான கலவை) மாற்றும் யோசனை இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று பதில்:

முதலில் 316 ஏன் போனது என்று பார்ப்போம். அது விளங்காமல் உலோகத்தை மட்டும் மாற்றினால் புது ஷாப்ட்டும் அதே இடத்தில்தான் போகும்.

ஸ்டெயின்லெஸைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஒட்சைட் படலம். அது தன்னைப் புதுப்பிக்க ஒட்சிசன் வேண்டும். பக்கிங்குக்கும் ஷாப்ட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் தண்ணீர் அசைவதில்லை. ஒட்சிசன் தீர்கிறது, குளோரைட் சேர்கிறது, அந்த இடம் அமிலமாகிறது, படலம் உடைகிறது. நம் கடல் வருடம் முழுக்க 27 – 30 பாகை. இந்தச் சூட்டில் 316-க்கு இடுக்கு அரிப்பு மிகச் சுலபமாக வரும்.

அதற்கு மேல் கிராபைட் பக்கிங் வேறு. கடல்நீரின் கல்வானிக் வரிசையில் (இரண்டு பொருள் தொட்டிருந்தால் கீழே நிற்பதுதான் அரிபடும்) கிராபைட் எல்லா உலோகத்துக்கும் மேலே நிற்கிறது. மின்சாரமும் கடத்தும். ஷாப்ட்டைச் சுற்றி நான்கைந்து வளையம் கிராபைட் என்றால் பெரிய கதோட்டு (தான் அரிபடாமல் மற்றதை அரிக்கவைக்கும் பக்கம்) ஒன்றை ஷாப்ட்டோடு அழுத்திக் கட்டியதாகும். உங்கள் குழிகள் சரியாக வளையங்களுக்குக் கீழே இருப்பது இதனால்தான். மொனெலும் கிராபைட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. ஆகவே ஷாப்ட் எதுவானாலும் முதலில் பக்கிங்கை மாற்றுங்கள். பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஊட்டிய செயற்கை நார்ப் பக்கிங், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம், கிராபைட் இல்லை என்று எழுத்தில் இருப்பதை வாங்குங்கள். பிடிஎஃப்இ என்ற பெயரிலேயே கிராபைட் கலந்த சாம்பல், கறுப்புக் கயிறுகளும் விற்கிறார்கள். அவை கடல்நீருக்கு ஆகாது.

இனி மொனெல். 400 என்பது நிக்கல் குறைந்தது 63 சதவீதம், செம்பு 28 – 34, இரும்பு 2.5 வரை, மங்கனீஸ் 2 வரை. ஓடும் கடல்நீரில் தேய்வு வருடத்துக்கு 0.025 மி.மீ.-க்கும் குறைவு. வேகமான ஓட்டத்தையும் தாங்கும். அதனால்தான் பம்ப் ஷாப்ட், வால்வ் தண்டு, கப்பல் உந்துதண்டு என்று இத்தனை காலம் பாவிக்கிறார்கள்.

ஆனால் தேங்கிய கடல்நீரில் மொனெலும் குழி விழும். சிப்பி, பாசி ஒட்டினால் அதன் அடியில் விழும். 316-இல் குழி குறுகலாக ஆழத்துக்குத் துளைத்துக்கொண்டே போகும். மொனெலில் ஆரம்பத்தில் வேகமாக விழுந்து பிறகு மந்தமாகும். பல வருடம் போனாலும் ஆழம் 1.3 மி.மீ.-ஐத் தாண்டுவது அரிது. நின்று ஓடும் உங்கள் பம்புக்கு மொனெலைப் பரிந்துரைக்க இந்த வேறுபாடுதான் காரணம். ஆனாலும் இரண்டு மூன்று நாள் உப்புநீரோடு சும்மா கிடக்கவிட்டால் மொனெலுக்குக் கொடுத்த காசின் பாதி வீண். நிறுத்தியதும் வால்வை மூடி, கேசிங்கை வடித்து, குழாய்த்தண்ணீரால் ஐந்து நிமிடம் கழுவுங்கள். பக்கிங் பெட்டியையும் சேர்த்து. ஓடும்போது பக்கிங்கிலிருந்து நிமிடத்துக்கு 40 – 60 துளி சொட்ட வேண்டும். சொட்டைச் சுத்தமாக நிறுத்த இறுக்கிப் பிடிப்பது ஷாப்ட்டைச் சுட வைப்பதோடு இடுக்கையும் மூடிவிடும். லான்டர்ன் வளையம் (பக்கிங் வளையங்களுக்கு நடுவே நீர் விடும் துளையுள்ள வளையம்) வைக்க இடமிருந்தால், பெட்டி அழுத்தத்தைவிட அரை பார் முதல் ஒரு பார் வரை கூடுதலாக நன்னீர் கொடுங்கள். கடல்நீர் பக்கிங் பக்கமே வராது.

வார்ப்பிரும்பு கேசிங், கன்மெட்டல் இம்பெல்லர், மொனெல் ஷாப்ட் என்ற கூட்டு நல்ல கூட்டு. கீழ்நிலை உலோகத்தின் பரப்பு பெரிது, மேல்நிலை உலோகம் சிறிது. இரும்பு கொஞ்சம் கொடுத்து ஷாப்ட்டைக் காக்கும். இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். மொனெல் அல்லது வெண்கலப் பாகத்தைச் சாதா இரும்பு போல்ட்டால் இறுக்கினால் சின்ன இரும்பு பெரிய கதோட்டுக்குத் தீனி. போல்ட் எப்போதும் இறுக்கும் பாகத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்.

---

ஈயக்குண்டு பதில்:

துண்டைச் சரிபார்க்கும் விதம்.

மொனெல் 400-இன் கியூரி வெப்பநிலை 21-க்கும் 49 பாகைக்கும் இடையில், வார்ப்புக்கு வார்ப்பு மாறும். அந்த வெப்பநிலைக்குக் கீழே காந்தம் இழுக்கும், மேலே இழுக்காது. கொழும்பில் மேசையில் கிடக்கும் கம்பி 30 பாகை என்று வையுங்கள். அப்போது சில கம்பியில் காந்தம் மெல்ல ஒட்டும், சிலதில் ஒட்டாது. 'காந்தம் ஒட்டவில்லை, அப்போது மொனெல் இல்லை' என்றோ, 'ஒட்டுகிறது, அப்போது போலி' என்றோ கடைவாசலில் நின்று முடிவெடுப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

உங்களிடம் ஐஸுக்குப் பஞ்சமில்லை. கம்பியின் நுனியிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி ஐஸில் அரை மணிநேரம் புதைத்து வையுங்கள். எடுத்தவுடன் நல்ல காந்தம் வைத்துப் பாருங்கள். பிறகு அதே துண்டைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு மறுபடி பாருங்கள். குளிரில் பிடித்து, கொதிநீரில் விட்டுவிட்டால் அது 400. இரண்டிலும் ஒட்டாவிட்டால் 316, கே-500, குப்ரோநிக்கல், அலுமினிய வெண்கலம் என்று ஏதாவது ஒன்று. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரிப் பிடித்தால் டியூப்ளெக்ஸ் அல்லது 400-வரிசை ஸ்டெயின்லெஸ், இல்லையேல் வெறும் நிக்கல். குளிரில் இழுத்து நேராக்கிய 316-உம் லேசாகப் பிடிக்கும், ஆனால் ஐஸும் கொதிநீரும் அதை மாற்றாது. கே-500 ஐஸில் வைத்தாலும் காந்தமாகாது, அதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 100 பாகை அளவுக்குக் குளிர வேண்டும்.

இரண்டாவது எடை. உங்கள் 45 × 600 மி.மீ. துண்டின் கனஅளவு 954 கன செ.மீ. மொனெல் 400 என்றால் அடர்த்தி 8.80, எடை 8.40 கிலோ வர வேண்டும். கே-500 என்றால் 8.44, அதாவது 8.05 கிலோ. 316 என்றால் 7.6 கிலோ. நிக்கல் அலுமினிய வெண்கலம் 7.3-க்குள். கடைத் தராசு போதும். ஆனால் விட்டத்தை வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். விட்டத்தில் அரை மி.மீ. பிசகினால் எடையில் 190 கிராம் அளவுக்குத் தப்பும், அதில் 400-உம் கே-500-உம் பாதி தூரம் நெருங்கிவிடும். கம்பி வட்டமாக இல்லையென்றால் வெட்டிய துண்டை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தியும் நிறுங்கள். காற்று எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி நேரே வரும்.

மூன்றாவது நைட்ரிக் அமிலம். வெளியில், காற்றுப் பக்கம் நின்று, கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், எழும் பழுப்புப் புகை நஞ்சு. மினுக்கிய இடத்தில் செறிந்த அமிலம் ஒரு துளி. 316-இல் ஒன்றும் நடக்காது. மொனெலில் நுரைத்து நீலப்பச்சையாகும். ஒரு நிமிடம் கழித்து இரண்டு மூன்று துளி தண்ணீர் விட்டு, சுத்தமான இரும்பு ஆணியால் அந்தத் துளியைத் தொடுங்கள். ஆணியில் செம்பு சிவப்பாகப் படியும். இது செம்பு இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். குப்ரோநிக்கலும் இதேபோல்தான் நடக்கும். ஆகவே காந்தச் சோதனையோடு சேர்த்துத்தான் முடிவு.

எக்ஸ்-கதிர் துப்பாக்கி இருக்கும் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் நிக்கல், செம்பு, இரும்பு, மங்கனீஸ் சில விநாடியில் வரும். கார்பன் அதில் வராது. அலுமினியம் பழைய கருவிகளில் சரியாகப் பிடிபடாது. அதனால் கே-500-ஐப் பிரிக்க டைட்டானியத்தைப் பாருங்கள், 0.35 – 0.85 சதவீதம் இருக்க வேண்டும்.

சான்றிதழோடு வாங்குவதானால் ஏஎஸ்டிஎம் பி164, இலக்கம் என்04400 என்று கேளுங்கள். கே-500-க்கு பி865, என்05500. தாளில் உள்ள ஹீட் இலக்கம் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்ற இலக்கம்) கம்பியின் நுனியில் குத்தியதோடு பொருந்த வேண்டும். குத்தியது இல்லாத கம்பிக்குத் தரும் சான்றிதழ் எந்தக் கம்பிக்கும் பொருந்தும். 'மொனெல்' என்பது வர்த்தகக் குறி, 'அலாய் 400' என்று வேறு ஆலைகள் விற்பதும் அதே கலவைதான். அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

---

கொட்டாஞ்சேனை_மரைன் பதில்:

நான் கே-500 பக்கம். வலிமை இரண்டு மூன்று மடங்கு. கடல் வேலைக்கு எதற்குக் குறைந்ததைப் போடுவது?

---

உப்புக்காற்று பதில்:

அண்ணா, வலிமை தேவைப்படும் இடத்துக்கு அது சரி. இங்கே கணக்குப் பார்ப்போம். 15 கிலோவாட், 1450 சுற்று என்றால் முறுக்கு விசை 99 நியூட்டன் மீட்டர். 40 மி.மீ. ஷாப்ட்டில் அதனால் வரும் வெட்டுத் தகைப்பு 8 மெகாபாஸ்கல். சாவித் தவாளிப்புக்கு மூன்று மடங்கு சேர்த்தாலும் 25-க்குள். மென்பதமான (சூடாக்கி மென்மையாக்கிய) 400-இன் இழுவிசை நெகிழ்வு எல்லையே குறைந்தது 170, குளிரில் இழுத்துத் தகைப்பு நீக்கிய கம்பி அதைவிட இரு மடங்குக்கு மேல். ஷாப்ட்டுக்கு 400 தாராளம்.

உங்கள் கருத்து சரிவரும் இடம் பக்கிங் உரசும் பரப்பு. 400 மென்மையானது, மென்பதத்தில் பிரினெல் 110 – 150 தான். களனி கங்கை வாய் பக்கத்திலேயே இருக்கிறது. மழை நாளில் வண்டலும் மணலும் கலந்த தண்ணீர் பக்கிங்குக்குள் போனால் ஷாப்ட்டில் வளையம் வளையமாகக் கோடு விழும். அதற்கு ஸ்லீவ் போடுங்கள், அந்த ஸ்லீவ் மட்டும் பதமேற்றிய (உலையில் நெடுநேரம் சூட்டில் வைத்துக் கடினமாக்கிய) கே-500. ஷாப்ட்டை அந்த இடத்தில் 40-இலிருந்து 34-க்கு இறக்கி, 3 மி.மீ. சுவருள்ள ஸ்லீவ். தகைப்பு அப்போதும் 13 மெகாபாஸ்கல்தான். இறங்கும் மூலையில் குறைந்தது 1.5 மி.மீ. வளைவு விடுங்கள், கூர் மூலை வேண்டாம். இம்பெல்லர் பக்க நுனியில் ஓ-வளையம் ஒன்று கட்டாயம். இல்லையென்றால் ஸ்லீவுக்குக் கீழே கடல்நீர் ஊறி அங்கே இன்னோர் இடுக்கு. ஸ்லீவ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், ஷாப்ட் நிற்கும்.

கே-500-இல் எச்சரிக்கை ஒன்று. துத்தநாக, அலுமினிய அனோட்டு (தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் கட்டி) தொடுக்கப்பட்ட இடத்தில் கடினம் அதிகமான கே-500 போல்ட்டும் ஷாப்ட்டும் ஐதரசன் ஏறி முறுகி உடைந்திருக்கின்றன. கடலடி எண்ணெய் வேலைகளில் இது நன்றாகத் தெரிந்த விடயம். இங்கே ஸ்லீவில் இழுவிசை இல்லாததால் பயமில்லை. ஆனால் அனோட்டுப் பாதுகாப்புள்ள கப்பலில் இறுக்கும் போல்ட்டாகப் போடும்போது கடினம் 35 ராக்வெல் சி-ஐத் தாண்டாமல் பாருங்கள்.

---

கடைசல்_மேசை பதில்:

வேலை செய்பவருக்குத் தேவையானதைச் சொல்கிறேன்.

316 ஷாப்ட்டை மொனெல் ராட்டால் நிரப்புவது வேண்டவே வேண்டாம். 316-இல் உள்ள குரோமியம் உருகி நிக்கல்-செம்பு ஒட்டுக்குள் கலந்தால் ஒட்டு சூட்டிலேயே வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும், கடைந்து மினுக்கினால் அழகாகத் தெரியும், ஓட்டத்தில் திறக்கும். ஸ்டெயின்லெஸையும் மொனெலையும் சேர்த்து ஒட்டியே ஆகவேண்டிய இடத்தில் நிக்கல்-குரோமியம் கம்பி, அதாவது இஆர்-நிக்கர்-3, அல்லது சுத்த நிக்கல் கம்பி பாவிக்க வேண்டும். இன்னொன்று, பட்டறைகளில் 'மொனெல் ராட்' என்று வைத்திருப்பது பல நேரம் வார்ப்பிரும்பு ஒட்டும் ராட். மொனெலை மொனெலோடு ஒட்டும் ராட் வேறு: இ-நிக்கு-7, டிக் (ஆர்கன் வாயுவில் செய்யும் மின் ஒட்டு) என்றால் இஆர்-நிக்கு-7. அதில் வாயுவைக் கட்டும் டைட்டானியம் சேர்த்திருக்கிறார்கள். கம்பி கொடுக்காமல் டிக்கால் வெறுமனே உருக்கி ஒட்டினால் ஒட்டு நுரைபோல் துளை துளையாக வரும்.

மொனெலைச் சூடாக்கும் எந்த வேலைக்கும் முன்னால் சுத்தம். கந்தகமும் ஈயமும் இதன் எமன். வெட்டும் எண்ணெய், கிரீஸ், குறியிட்ட பெயின்ட், மார்க்கர் மை, ஏன் கைவிரல் எண்ணெய்கூட அசிட்டோனால் துடைத்த பிறகுதான் நெருப்பு. கந்தகம் பட்டுச் சூடேறினால் அது மணிகளின் எல்லைக்குள் புகுந்து நொறுங்கவைக்கும், பரப்பில் வலைபோல் வெடிப்பு தெரியும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை, அந்தத் துண்டை எறிய வேண்டியதுதான். வளைந்த ஷாப்ட்டை எண்ணெயோடு காஸ் விளக்கில் சூடாக்கித் தட்டி நேராக்குவதும் அதே ஆபத்து. குளிராகவே பிரஸ்ஸில் நேராக்குங்கள்.

கடைவது. மொனெல் வேலை செய்யச் செய்ய இறுகும். டூல் உரசினால், நின்றால், மேற்பரப்பு ஒரு நொடியில் கண்ணாடிபோல் கடினமாகி அடுத்த வெட்டு டூலைத் தின்னும். டூல் கூராக, நேர்க்கோண ரேக்கோடு, எப்போதும் உலோகத்துக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போக வேண்டும். கார்பைட் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர் வெட்டு வேகத்தில் தொடங்குங்கள், 45 மி.மீ. கம்பிக்கு 350 சுற்று. ஹைஸ்பீட் டூல் என்றால் 18 மீட்டர், 125 சுற்று போதும். முதல் வெட்டு 2 மி.மீ. ஆழம், ஃபீட் 0.25. கடைசி வெட்டிலும் ஆழம் 0.25-க்கும் ஃபீட் 0.1-க்கும் குறையக்கூடாது. 'ஒரு நூல் மட்டும் எடுத்துவிடுவோம்' என்று 0.05 வெட்டு எடுக்கப் போனால் டூல் வெட்டாமல் தேய்க்கும், அளவு ஓடிவிடும். மிச்சத்தை அரைத்தோ மினுக்கியோ எடுங்கள். ஸ்லீவின் வெளிப்பரப்பு 0.4 மைக்ரோன் அளவுக்கு வர வேண்டும். நிறையக் குளிர்விப்பு எண்ணெய் விடுங்கள். கந்தகம் சேர்த்த எண்ணெயில் நன்றாக வெட்டும், ஆனால் அதே நாளில் கழுவ வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

மென்பதக் கம்பியைவிட, குளிரில் இழுத்துத் தகைப்பு நீக்கிய கம்பி சுத்தமாகக் கடைபடும். மென்பதம் ஒட்டி ஒட்டி, நீள நீளமாகச் சுருள் விடும். ஆர்-405 என்று வேண்டுமென்றே கந்தகம் 0.025 – 0.060 சேர்த்த வகை இருக்கிறது. தானியங்கி லேத்தில் திருகாணி, நட் கடைவதற்கு அது வசதி, ஒட்டு வேலைக்கு ஆகாது. கடையில் தரும் கம்பியின் சுருள் உடைந்து உடைந்து விழுந்தால் 405-ஆக இருக்கலாம் என்று நினைவில் வையுங்கள்.

மொனெல் மரையில் மொனெல் நட் போட்டு உலர்வாக இறுக்கினால் கடித்துப் பிடித்து வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். பிடிஎஃப்இ பசை தடவுங்கள். கறுப்பு ஆன்டிசீஸ் பசைகளில் பெரும்பாலும் கிராபைட் இருக்கும், கடல்நீரில் தவிர்க்கவும்.

கே-500 ஸ்லீவுக்குப் பதமேற்றியே வரும் கம்பியை வாங்குங்கள். இங்கே பதமேற்ற நினைக்க வேண்டாம். 600 பாகை அளவில் 16 மணிநேரம் பிடித்து, பிறகு மணிக்கு 8 – 14 பாகை வீதம் 480 வரை இறக்க வேண்டும். அவ்வளவு ஒழுங்காகப் பிடிக்கும் உலை சாதாரணப் பட்டறையில் இல்லை. வாங்கும்போது கடினம் கேளுங்கள். ராக்வெல் சி 24-க்குக் கீழ் என்றால் பதமேறாத கம்பி, ஸ்லீவுக்குப் பயனில்லை.

---

குளிர்_இயந்திரம் பதில்:

தம்பி, கண்டென்சர் குழாயை யாரும் இன்னும் தொடவில்லை. அதுதான் இந்தக் கேள்வியில் உயிருக்கு ஆபத்தான பகுதி.

அமோனியா படும் எந்த இடத்திலும் செம்புக் கலவை கூடாது. 90/10-உம் கூடாது, 70/30-உம் கூடாது, பித்தளை கிட்டவும் வரக்கூடாது. ஈரம் கலந்த அமோனியா செம்பைக் கரைத்து நீல நிறக் கூட்டாக எடுத்துவிடும். பித்தளையைத் தகைப்போடு வெடிக்கவும் வைக்கும். அமோனியாக் கட்டமைப்பில் வெளிக்காற்று உள்ளே இழுக்கும் நேரமெல்லாம் ஈரம் புகும், 'எங்கள் அமோனியா உலர்ந்தது' என்ற நம்பிக்கை செல்லாது. மொனெலும் செம்பு முப்பது சதவீதம் உள்ள கலவைதான். அமோனியா வால்வ், கேஜ் என்று எதற்கும் அதைப் போடாதீர்கள். அமோனியாக் கண்டென்சர் குழாய் காலங்காலமாக இரும்பில் வருவது விலைக்காக மட்டும் அல்ல.

கடல்நீர் ஒரு பக்கம், அமோனியா மறுபக்கம் என்றால் இரண்டையும் தாங்குவது டைட்டானியம். குழாயாகவோ, டைட்டானியத் தட்டு வெப்பமாற்றியாகவோ போடலாம். காசு இடம் கொடுக்காவிட்டால் தடித்த சுவருள்ள இரும்புக் குழாய், தண்ணீர்ப் பெட்டியில் துத்தநாக அனோட்டு, வருடாவருடம் சுவர்த் தடிப்பு அளவு. குழாய் ஓட்டையாகி அமோனியா கடல்நீர் பக்கம் வந்தால், அந்தத் தண்ணீர் போகும் வழியிலுள்ள கன்மெட்டல் வால்வுகளும் சேர்ந்து பாழாகும். வெளியேறும் தண்ணீரின் பிஎச்-ஐக் கிழமைக்கு ஒருமுறை தாளில் பார்த்தாலே முன்கூட்டித் தெரியும். கடல்நீர் 8-க்குச் சற்று மேலே நிற்கும், அமோனியா கலந்தால் 9-ஐ நோக்கி ஏறும்.

---

முகத்துவாரம்_பிளான்ட்:

மிக்க நன்றி, குளிர்_இயந்திரம் அண்ணா. குழாய் யோசனையை விட்டாயிற்று. பம்பிலிருந்து கண்டென்சர் வரை போகும் கடல்நீர்க் குழாய் மட்டும் 90/10-இல் போடலாமா? இப்போது 80 மி.மீ. கல்வனைஸ் குழாய். அங்கே அமோனியா இல்லை. கண்டென்சர் தண்ணீர்ப் பெட்டி இரும்பு.

---

உப்புக்காற்று பதில்:

போடலாம், ஆனால் விட்டத்தைக் கூட்டுங்கள். மணிக்கு 60 கனமீட்டர் 80 மி.மீ. குழாயில் விநாடிக்கு 3.3 மீட்டர் ஓடும். 90/10-க்கு அந்த அளவுக் குழாயில் அது எல்லையை ஒட்டிய வேகம். எல்போ திரும்பும் இடத்தில் பாதுகாப்புப் படலம் உரிந்து, குதிரைக் குளம்பு வடிவில் தேயத் தொடங்கும். 100 மி.மீ. போட்டால் 2.1 மீட்டர், வசதியான வேகம். விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழேயும் போகக்கூடாது, வண்டல் படிந்து அடியில் அரிக்கும். எல்போக்கள் நீண்ட வளைவாக, வளைவு ஆரம் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஒட்டுக்கு 70/30 கம்பி, உள்ளே துருத்தும் ஒட்டுமணி இல்லாமல். பாதி மூடிய வால்வுக்குப் பின்னால் நேராகக் குறைந்தது ஐந்து விட்ட நீளம் குழாய் விடுங்கள்.

90/10 வாங்கும்போது இரும்பு 1.0 – 1.8 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டத்தைத் தாங்கும் படலத்துக்கு அந்த இரும்புதான் ஆதாரம். நிக்கல் பத்து இருந்தும் இரும்பு இல்லாத கம்பியும் குழாயும் வேறு வேலைக்குரியவை.

அந்தப் படலம் முதல் நாட்களில் உருவாகத் தொடங்கி, முதிர இரண்டு மூன்று மாதம் எடுக்கும். நம் கடல் சூட்டில் அதைவிட விரைவு. முதல் நிரப்பு எந்தத் தண்ணீர் என்பதுதான் குழாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. துறைமுக மூலைகளில், கால்வாய் வாயில் கிடக்கும் கறுத்த, முட்டை நாற்றமுள்ள தண்ணீரில் சல்பைட் உண்டு. புதுக் குழாயில் அது முதலில் பட்டால் ஒட்டாத கறுப்புப் படலம் விழும், பிறகு நல்ல தண்ணீர் வந்தாலும் அதன் அடியில் குழி விழுந்துகொண்டே இருக்கும். மீன் கழிவு தேங்கினாலும் அதேதான். ஆகவே அழுத்தச் சோதனையை நன்னீரில் செய்து வடித்து உலர்த்துங்கள். பிறகு வற்று நேரத்தில் அல்லாமல் பொங்கு நேரத்தில், வெளிக்கடல் தண்ணீர் வரும்போது ஓட்டத் தொடங்குங்கள். முதல் மாதம் நிறுத்தாமல் ஓட்ட முடிந்தால் நல்லது. பிறகும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிறுத்துவதென்றால் வடித்துக் கழுவி வையுங்கள். பாசிக்குக் குளோரின் விடுவதானால் மீதக் குளோரின் லீற்றருக்கு 0.5 மி.கி.-ஐத் தாண்ட வேண்டாம்.

இரும்புத் தண்ணீர்ப் பெட்டியோடு 90/10 குழாயை நேரே சேர்த்தால் ஃபிளாஞ்சை ஒட்டி இரும்பு தின்னப்படும். ஃபிளாஞ்சில் காப்பு கஸ்கட், போல்ட்டுக்குக் காப்பு ஸ்லீவ், காப்பு வாஷர் மூன்றும் போட்டு, பொருத்தியபின் குழாய் காய்ந்திருக்கும்போதே மீட்டரால் பாருங்கள், இரண்டு பக்கமும் தொடர்பு இருக்கக்கூடாது. பெட்டியை நிறுத்தும் தாங்கியும் குழாய்த் தாங்கியும் ஒரே இரும்புச் சட்டத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஃபிளாஞ்ச் காப்பு பயனில்லை, தாங்கிக்கடியில் ரப்பர் போடுங்கள். அல்லது இடையில் ஒரு மீட்டர் தடித்த இரும்புத் துண்டைத் தியாகத் துண்டாக வைத்து, அதை மட்டும் குறித்த காலத்தில் மாற்றலாம். உங்கள் நிலையில் எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஏனென்றால் காப்பு வாஷர் ஒன்று நசுங்கினாலும் வெளியே தெரியாது, துண்டு தேய்வதைச் சுத்தியலால் தட்டியே அறியலாம். பெயின்ட் அடிப்பதானால் இரும்புப் பக்கத்துக்கு மட்டும் அடித்து விடாதீர்கள். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுக்க அந்தக் கீறலில் குவியும். 90/10 பக்கத்தின் உள்ளே அரை மீட்டராவது அடியுங்கள், அதுதான் கதோட்டுப் பரப்பைக் குறைக்கும்.